இந்த வாரச் சொல்

ஞாயிறு காலை பத்து மணிக்குத் தையல்காரர் கழுத்தில் அளவு நாடாவோடு தெருவில் இறங்கினார். தெருச் சங்கச் செயலாளர் அவர்தான். இந்த வார ரகசியச் சொல்லை வீடு வீடாகப் போய்ச் சொல்ல வேண்டும்.

ஊரில் இரண்டு மாதத்தில் நான்கு கொலைகள். திரைச்சீலை வியாபாரி, புத்தகம் விற்ற பெண், கணக்கெடுக்க வந்தவர், அடுப்பு பழுது பார்ப்பவர். நான்கும் கழுத்து நெரிப்பு. உடல்கள் கால்வாய் ஓரம் கிடந்தன. போலீசுக்கு ஒரு துப்பும் கிடைக்கவில்லை.

"அஞ்சாவது ஆள் நம்ம தெருவுல இருந்து போகக் கூடாது" என்று தையல்காரர் சங்கக் கூட்டத்தில் சபதம் போட்டார். அன்றிலிருந்து கதவுக்கு இரண்டு தாழ்ப்பாள். ஜன்னல்களும் மூடியே இருக்கும். யாராக இருந்தாலும் சொல்லைச் சொன்னால்தான் கதவு திறக்கும்.

முதல் வீட்டுப் படியில் வீட்டுக்காரரே காய்கறிப் பையோடு உட்கார்ந்திருந்தார்.

"என்ன சார், வெளியில?"

"சொல் மறந்துபோச்சு. என் குரல் தெரியலையான்னு கேட்டேன். குரலையெல்லாம் நம்ப முடியாதாம். இருபது வருஷமா இதுக்குத்தான் காத்திருந்திருக்கா!"

தையல்காரர் கதவைத் தட்டி, பழைய சொல்லையும் புதிய சொல்லையும் சொல்லி அவரை உள்ளே சேர்த்தார்.

அடுத்த வீட்டு மருமகள் குரலைத் தாழ்த்தினாள். "அண்ணே, அத்தை இன்னிக்கு ஊர்லேருந்து வர்றாங்க. அவங்களுக்கு மட்டும் போன வாரச் சொல்லையே சொல்லிடவா?"

கடைசி வீடு ஓய்வுபெற்ற உடற்பயிற்சி ஆசிரியருடையது. தனிக்கட்டை. இரட்டைத் தாழ்ப்பாள், மூடிய ஜன்னல் எல்லாம் அவர் கொடுத்த யோசனைதான்.

தட்டியதும் கதவு திறந்தது.

"என்ன மாஸ்டர், யாருன்னுகூடக் கேக்கலையே! பயமில்லையா?"

"எனக்கென்ன பயம்? உள்ள வாங்க. எல்லா வீட்டுக்கும் சொல்லியாச்சா?"

"உங்க வீடுதான் கடைசி."

ஆசிரியர் மேல் தாழ்ப்பாளைப் போட்டார். "தெருவுல யாராவது நிக்கிறாங்களா?"

"ஈ காக்கா இல்லை. ஒரு ஜன்னல்கூடத் திறக்கலை. அவ்வளவு கட்டுப்பாடு!" என்றார் தையல்காரர் பெருமையாக.

ஆசிரியர் கீழ்த் தாழ்ப்பாளையும் போட்டார். பிறகு தையல்காரரின் கழுத்தில் கிடந்த நாடாவின் இரண்டு முனைகளையும் பிரியமாகக் கையில் எடுத்துச் சரிசெய்தார்.

செத்துப்போன நான்கு பேருமே கதவைத் திறந்தவர்கள் இல்லை, தட்டியவர்கள் என்பது அப்போதுதான் தையல்காரருக்கு உறைத்தது.