பலகைமேல் ஐந்து பேர்

மிருதங்கம் மரகதவல்லி தன் மாணவர்கள் ஐந்து பேரையும் மேடையிலேயே, அதன் மரப்பலகையில் உள்ளங்கை பதிய உட்கார வைத்திருந்தாள். ஐவருக்கும் காது கேட்காது. “கேக்காதவங்களுக்குக் கச்சேரி எதுக்கும்மா? பாடகர் ஒருதரம் முகம் சுளிச்சாலும் அடுத்த வருஷம் இந்தப் பேச்சே கிடையாது” என்று சபா செயலாளர் கறாராகச் சொல்லியிருந்தார். “பலகைக்குக் கேக்கும் சார்” என்று சொல்லிவிட்டு அவள் மேடையேறினாள்.

பாட்டு நின்று, அவள் தனியாக வாசிக்க ஆரம்பித்ததும் வழக்கம்போலப் பாதி அரங்கம் காப்பி குடிக்கக் கிளம்பியது. அவள் அதைக் கண்டுகொள்ளவே இல்லை, விரல்கள் பறந்துகொண்டிருந்தன. சிக்கலான ஒரு கணக்கின் நடுவில், தாளம் போட்டுக்கொண்டிருந்த பாடகர் நாகசுந்தரத்தின் கை அந்தரத்தில் நின்றுவிட்டது. எண்ணிக்கை தவறிப்போனதில் அவர் முகம் சுளித்தது. கதவோரம் இருந்த செயலாளர் நிமிர்ந்தார்.

“எங்கம்மா நிக்கிறோம்?” என்று பாடகர் கிசுகிசுத்தார். வாயைத் திறந்தால் அவள் கணக்கும் போய்விடும். மோவாயால் பின்பக்கம் காட்டினாள். அங்கே ஐவரில் ஒருவரான தையல்காரர் அருளப்பன், இடது கையைப் பலகையில் ஊன்றி, வலது கையால் தொடையில் பிசகாமல் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

பாடகர் ஒரு தாளச் சுற்று முழுக்க அந்தக் கையையே பார்த்தார். அடுத்த சுற்றில் சேர்ந்துகொண்டார். “அட, கெட்டிக்காரரய்யா நீர்!” என்று உட்கார்ந்தபடியே நகர்ந்துபோய் அருளப்பனோடு முழங்கால் இடிக்க அமர்ந்தார்.

மரகதவல்லி முடிப்புக்குச் சின்னதாக ஒரு கணக்கை யோசித்து வைத்திருந்தாள். அதை விட்டுவிட்டு, இதுவரை எந்த மேடையிலும் துணியாத பெரியதை எடுத்தாள்.