குழல் நுனி

பழுதுபார்க்கும் சென்னியப்பன், அவள் கொண்டுவந்த துப்பாக்கியைத் தொடும் முன் கை கழுவினார்.

அதிலேயே அவளுக்குப் பாதி நம்பிக்கை வந்துவிட்டது.

பிறகு ஒரு சிட்டிகைப் பஞ்சை எடுத்தார். குழலின் நுனியில், குண்டு வெளியேறும் விளிம்பைச் சுற்றி மெல்ல உருட்டினார்.

ஓரிடத்தில் பஞ்சு நின்றது. ஒரே ஓர் இழை அங்கே மாட்டிக்கொண்டு ஆடியது.

அவள் குனிந்து பார்த்தாள். விளிம்பு அந்த இடத்தில் தேய்ந்து பிசிறாகியிருந்தது.

வரும் சனிக்கிழமை துப்பாக்கி சுடும் மாநில அணிக்கான தேர்வு. மழைக்காலத்திலிருந்தே அவள் சுடுவது எதுவும் குறியில் விழவில்லை. ஒன்று இடப்பக்கம் போகும், அடுத்தது தன் இஷ்டத்துக்குப் போகும். கை போய்விட்டது, நாற்பதைத் தாண்டினால் அப்படித்தான் என்று பயிற்சியாளர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். அவளும் நம்பிவிட்டாள், சென்னியப்பனிடமும் அப்படியே சொல்லியிருந்தாள். இதுதான் கடைசித் தேர்வு என்று வீட்டிலும் சொல்லியாயிற்று.

குறி தப்பிய ஒவ்வொரு நாளும் துப்பாக்கியை எடுத்துவைத்துத் துடைத்தாள். தப்பத் தப்ப இன்னும் துடைத்தாள். பெற்ற பிள்ளையைக்கூட நீ இப்படிக் குளிப்பாட்டியதில்லை என்று கணவன் கேலி செய்வான்.

"கம்பிய எந்தப் பக்கமா உடுவீங்க?" என்றார் சென்னியப்பன்.

குழலுக்குள் விட்டுத் துடைக்கும் கம்பியைப் பெட்டியிலிருந்து எடுத்தாள். குழலின் முன்பக்கத்தைக் காட்டினாள்.

காட்டும்போதே புரிந்துவிட்டது. கம்பி அந்த விளிம்பில்தான் இத்தனை நாளும் உரசியிருக்கிறது. குண்டு கடைசியாகத் தொட்டுவிட்டுப் போகிற இடம் அது.

அவர் திட்டுவார் என்று காத்திருந்தாள்.

"உங்க கையி நல்லாத்தானுங்க இருக்குது."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் அதைப் பார்க்காதவர்போல லேத்துப் பக்கம் திரும்பினார்.

தேய்ந்த நுனியை வெட்டுவதற்கு ஆன நேரம் கொஞ்சம். குழலை நேராக நிறுத்துவதற்கே காலை முழுவதும் போனது. நிறுத்துவார், விரலால் சுழற்றுவார், உள்ளே எட்டிப் பார்ப்பார், பிடிக்காமல் அவிழ்ப்பார். முகத்தில் அவசரமே இல்லை. வெட்டியதைத் திரும்ப ஒட்ட முடியாது. மயிரிழை கோணினாலும் அது வெறும் இரும்புக் குழாய்தான்.

சுடுவதற்கு முன் நிற்பதுபோல அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நகத்தளவு இரும்பு சுருண்டு சுருண்டு விழுந்தது. புது விளிம்பு வட்டமாக மின்னியது.

இந்தமுறை பஞ்சை அவளிடம் கொடுத்தார்.

உருட்டினாள். எங்கும் நிற்கவில்லை. ஆசை தீராமல் இன்னொரு சுற்று உருட்டினாள். அந்த மனிதரின் கைகளை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருந்தது.

துப்பாக்கியைப் பெட்டியில் வைத்தாள். கம்பிக்கான இடம் காலியாக இருந்தது.

நிமிர்ந்து பார்த்தாள்.

அவர் அந்தக் கம்பியைக் கடை மூலையில் சாய்த்துவைத்துக்கொண்டிருந்தார். அங்கே ஏற்கெனவே, அவளுக்கு முன் வந்தவர்கள் விட்டுப்போன ஒரு கட்டுக் கம்பிகள் இருந்தன.

அத்தனையும் கைபட்டுக் கைபட்டு வழவழத்திருந்தன.