அண்ணாந்து பார்த்த பல்லி

பழைய மாளிகைகள் நிறைந்த ஒரு தெருவில் விநோதமான விருந்து நடந்தது. சூப் முதல் வீட்டில், சோறு அடுத்த வீட்டில், பாயசம் அதற்கடுத்த வீட்டில்.

சோற்று வீட்டுக்குள் நுழைந்த விருந்தாளிகள் அண்ணாந்து பார்த்து, "அடேயப்பா!" என்று வாய் பிளந்தார்கள்.

விட்டத்துப் பல்லிக்குத் தலைகால் புரியவில்லை. விருந்தாளி ஒருத்தியின் பூச்சரத்தில் வந்து சுவரேறிய எறும்பிடம், "பார்த்தாயா? எல்லாரும் என்னைத்தான் பார்க்கிறார்கள்!" என்றது.

"சூப் வீட்டிலும் இப்படித்தான் பார்த்தார்கள், அக்கா."

"அங்கே யார் பல்லி?"

"அங்கே பல்லியே இல்லையே!"

பல்லிக்குச் சுருக்கென்றது. தூணில் பாதி இறங்கி, பிறந்ததிலிருந்து தான் ஒட்டிக்கிடந்த விட்டத்தை முதன்முதலாக அண்ணாந்து பார்த்தது. மரம் முழுக்கச் செதுக்கிய கொடிகள்; கொடிதோறும் கிளிகள்; ஒவ்வொரு கிளியின் அலகிலும் ஒரு பழம்.

பிளந்த அதன் வாய்க்குள் ஓர் ஈசல் புகுந்து, சுற்றிப் பார்த்துவிட்டு வெளியே பறந்தது. பல்லிக்குத் தெரியவே இல்லை.