வெட்டி எறிந்த ஓரம்

"அந்த மனுஷன் உயிருக்குப் போராடி கையை நீட்டுறார். எதிர்ல நின்னவங்க என்ன பண்ணாங்க? சாவகாசமா படம் எடுத்தாங்க!"

வகுப்பில் பலத்த கைதட்டல்.

திரையில், பேப்பரின் முதல் பக்கத்தில் வந்த புகைப்படம். வெள்ளத்தில் முக்கால்வாசி மூழ்கிய பஸ். ஜன்னல் கம்பியில் தொங்கிக்கொண்டு நம்மை நோக்கிக் கை நீட்டும் டிரைவர்.

பேசியவள் புகைப்படக் கலை மாணவி, வகுப்பின் வாயாடி. 'என்னை உறுத்திய செய்திப்படம்' என்று தலைப்பு கிடைத்ததும் வெளுத்து வாங்கிவிட்டாள்.

"எடுத்தது யாரோ, கல்நெஞ்சக்காரங்க!" என்றான் கடைசி பெஞ்ச்.

அவளுக்குச் சுருக்கென்றது. எடுத்தது அவளுடைய சொந்தச் சித்தி. அவள் கையில் முதன்முதலில் கேமராவைக் கொடுத்தவளும் சித்திதான். சித்தி மாதிரி ஆகணும் என்றுதான் இந்தப் படிப்பிலேயே சேர்ந்தாள். இந்தப் படம் வந்த நாளிலிருந்து சித்தியோடு பேச்சில்லை. படிப்பையே விட்டுவிடலாமா என்றுகூட யோசித்துக்கொண்டிருந்தாள்.

"பேப்பர்ல பார்த்தப்ப படம் இன்னும் கொஞ்சம் பெருசா இருந்துச்சே?" என்றார் ஆசிரியை.

"இடது ஓரத்தை வெட்டிட்டேன் மேடம். மங்கலா ஏதோ அடைச்சுக்கிட்டு இருந்துச்சு. கண்ணை உறுத்துறதை வெட்டுன்னு நீங்கதானே சொல்வீங்க?"

"சொல்வேன்தான். முழுசாப் போடு, எதை வெட்டினேன்னு பார்ப்போம்."

போட்டாள். கீழே இடது மூலையிலிருந்து டிரைவரை நோக்கி, மங்கலாக, நீளமாக ஏதோ ஒன்று. அதன் குறுக்கே சிவப்பாக ஒரு கோடு.

"கேமராவுக்கு ரொம்பக் கிட்ட இருந்திருக்கு. அதான் மங்கிடுச்சு" என்றார் ஆசிரியை.

அவள் அந்தச் சிவப்பையே பார்த்தாள். "ஒரு நிமிஷம் மேடம்" என்று வராந்தாவுக்கு ஓடிப்போய் போன் போட்டாள்.

"அடடே, மகாராணிக்கு இன்னிக்குத்தான் சித்தி ஞாபகம் வந்துச்சா?"

"சித்தி, உன் பிறந்தநாளுக்கு நான் வாங்கிக் குடுத்த சிவப்பு வாட்ச் எங்க?"

"ஹலோ... சரியா கேக்கலடி, அப்புறம் பேசட்டுமா?"

"சித்தி!"

"கோவிச்சுக்காதடி. தொலைஞ்சு போச்சு."

"எப்படி?"

"அந்த பஸ் டிரைவர் இருக்காரே, அவரை இடது கையை நீட்டி, நான் நின்ன மதில் மேல இழுத்துப் போட்டப்ப... ஆளு நல்ல கனம். பிடிச்ச பிடியில பட்டை அறுந்து வாட்ச் தண்ணியோட போயிடுச்சு."

"அப்புறம் படம்?"

"வலது கைல கேமரா இருந்துச்சா, பழக்கதோஷம், விரல் அமுக்கிடுச்சு போல. அவர் நல்லா இருக்கார்டி, நேத்துகூடப் பேசினார்."

"ஏன் சித்தி எங்கிட்ட சொல்லல?"

"எப்படிச் சொல்றது? நீயா பேசறதை நிறுத்திட்டே. சரி, வாட்ச் விஷயம் தெரிஞ்சுபோச்சுன்னு நானும் பயந்து வாயைத் திறக்கல."

அவள் வராந்தாச் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள். எத்தனையோ நாள் பாரம் ஒரே நொடியில் இறங்கிவிட்டது. சிரிக்கத்தான் நினைத்தாள், விக்கி விக்கி அழுகைதான் வந்தது.

போனில் சித்தி பதறிப்போனாள்.

"அய்யோ, என்னடி இது? ஒரு வாட்ச்சுக்குப் போய் யாராவது இப்படி அழுவாங்களா!"