இரண்டு கிலோ

அனஸ்தாசியா தண்ணீர்ப் போத்தல்களை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிய கதை கற்பிட்டிக் கரை முழுக்கத் தெரியும். சிறுநீரகம் பழுதான புருஷன் அருளப்புவுக்கு நாளுக்கு மூன்று கோப்பைதான். கூடினால் நெஞ்சில் நீர் கட்டி மூச்சு முட்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள்.

அப்படிக் காத்தும், அன்று இரத்தம் சுத்திகரித்து முடிந்த பிறகும் தராசு வழக்கத்தைவிட இரண்டு கிலோ கூடக் காட்டியது.

“பின்னேரத்தில எங்கயோ போறீங்களே, அங்கதானே களவாத் தண்ணி குடிக்கிறீங்க? என்னைத் தனிய விட்டுட்டுப் போகவா பாக்குறீங்க?” அனஸ்தாசியா போட்ட சத்தத்தில் வார்டே திரும்பிப் பார்த்தது.

அருளப்பு டொக்டர் பக்கம் காலை நீட்டினான்.

டொக்டர் அவன் காலை அமுக்கினார், குழி விழவில்லை. நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார், பிரஷரும் பார்த்தார். பிறகு சிரித்தார்.

“இது தண்ணி இல்லம்மா, சதை. ஐயா நல்லாச் சாப்பிடுறார். அவருக்குரிய நிறையை இனிக் கூட்டி எழுதலாம். என்ன சமைச்சுக் குடுக்குறீங்க?”

அனஸ்தாசியா விழித்தாள். அவள் உப்பில்லாமல் ஆக்குவதில் பாதியை அவன் மிச்சம் வைக்க, அது கோழிக்கல்லவா போகிறது!

“அக்கா வீட்டில மீனும் முட்டையும் தின்னுறன்,” என்றான் அருளப்பு, நிலத்தைப் பார்த்தபடி. “அதுவும் உப்பில்லாமத்தான், டொக்டர். தேசிக்காய் பிழிஞ்சு தருவா.”

அந்த அக்கா றெஜினா பக்கத்து வளவுதான். வேலியை அரையடி தள்ளிப் போட்ட சண்டையில் ஆறு வருஷமாக அவளுக்கும் அனஸ்தாசியாவுக்கும் பேச்சில்லை.

அன்று பின்னேரம் அனஸ்தாசியா அந்த வேலியருகே போய் நின்றாள். அயலட்டையெல்லாம் காதைத் தீட்டிக்கொண்டது.

“மச்சாள்,” என்றாள், “அந்த மீன்கறியை எனக்கும் ஒருக்காச் சொல்லித் தாங்க.”