மிஞ்சிய செங்கல்

நான் செங்கல் வாங்கினால் இரண்டாயிரத்து ஐந்நூற்று இருபதுதான் வாங்குவேன். இரண்டு முதல் பத்து வரை எத்தனை சம வரிசையாக அடுக்கினாலும் அந்த எண் மிச்சமில்லாமல் அடங்கிவிடும். எவனும் ஏமாற்ற முடியாது. தம்பி பூதலிங்கம் சொல்லித் தந்த கணக்கு. அவன் தை மாதம் செத்துப்போனான். அவன் பெண்டாட்டி அன்னத்தாய் எங்கள் முற்றம் வழியாக ஆற்றுக்குப் போகக் கூடாதென்று சுவர் எழுப்பத்தான் இந்த லோடு.

ஆட்கள் ஏழு வரிசையாக அடுக்கினார்கள். ஒரு கல் மிஞ்சியது. டிராக்டர் கொண்டுவந்த ஹசன் அலியைப் பிடித்தேன்.

"என்னவே, எண்ணத் தெரியாதா?"

"எல்லாரும் குறையுதுன்னு சண்டைக்கு வருவாவ. நீங்க கூடுதுன்னு வாரீயளே அண்ணாச்சி."

சும்மா யாரும் எதையும் கொடுப்பதில்லை. அந்தக் கல்லை ஒதுக்கிவிட்டு, ஒன்பது வரிசையாக மாற்றச் சொன்னேன். மறுபடியும் ஒன்று மிஞ்சியது. அதையும் ஒதுக்கினேன்.

பார்த்துக்கொண்டு நின்ற அன்னத்தாய், "மிஞ்சினதுல ஒண்ணு தாங்க அத்தான். சுவருக்கு அங்கன உக்காரதுக்கு ஆவும்" என்றாள்.

குத்திக்காட்டவில்லை, நிஜமாகவே கேட்டாள். ஹசன் அலி தரையைப் பார்த்தார். ஒதுக்கியதில் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். அவள் அதைத் தன் பக்கம் போட்டு உட்கார்ந்தாள்.

தலை நிமிராமல் பத்து வரிசையாக அடுக்கச் சொன்னேன். ஒன்று மிஞ்சியது. அன்னத்தாய் அங்கே தன் கல்லில்தான் உட்கார்ந்திருந்தாள். நானே குனிந்து எடுத்தேன். முற்றத்தில் இன்னும் வெயில் விழவில்லை. அந்தக் கல்லில், யாரோ வெகுநேரம் உட்கார்ந்து எழுந்த சூடு இருந்தது.