குளம் இருந்த இடம்

தெப்ராவ் நகர மண்டபத்தில் நகரத் திட்டமிடுநர் சங்கத் தலைவர் பத்தாண்டுத் திட்டத்தை வாசிக்கிறார்: பயிற்சி, சட்ட உதவி, இளையவர்களுக்குத் துணை. வெளியே மழை கூரையை அறைகிறது. கடைசி வரிசையில் இருக்கும் ஷாஸியாவுக்குக் கைதட்ட வரவில்லை. மண்டபத்துக்குப் பின்னால் இருந்த குளத்தை மண் போட்டு மூடலாம் என்று போன வருஷம் கையெழுத்துப் போட்டவள் அவள்தான். கதவடியில் தரைக்கம்பளம் நனைந்து, நாற்காலிகளை நோக்கிக் கருத்துக்கொண்டே வருகிறது. “குளத்துக்குப் பதிலா கால்வாயப் பெருசாக்கிட்டாங்கதானே?” என்று கிசுகிசுக்கிறாள். பக்கத்தில் அவளுடைய மேலதிகாரி ரபேல், மேடையிலிருந்து கண்ணை எடுக்காமல், “அது அடுத்த கட்டம் லா” என்கிறார். “இனி நீங்க யாரும் தனியா இல்ல,” என்கிறார் தலைவர். கைதட்டல் மழையை அமுக்குகிறது. ஷாஸியா மெல்லக் கால்களைத் தூக்கி நாற்காலிக் கம்பிமேல் வைக்கிறாள். ரபேலின் கால்கள் முன்பே அங்கே ஏறியிருக்கின்றன.